பாரணை இல்லாத விரதம்

என் மேல் ஒருநாள் முருகன் வந்ததாக நம்புகிறவர்கள் எங்கள் தெருவில் இன்றைக்கும் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

கந்தசஷ்டியின் ஆறாம் நாள் அது. ஐப்பசி மழை பெய்து விட்டிருந்ததில் கோவில் வீதி முழுக்கச் சேறு. சூரன் தலையை மாற்றி மாற்றி ஓடி வந்துகொண்டிருந்தான். மஞ்சள் சேலையில் முன்வரிசையில் நின்றேன். ஆறு நாளும் தண்ணீரும் ஒரு மிடறு பாலும்தான். மேளச் சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் தூரத்தில் கேட்டது. காலடியில் சேறு மெல்ல ஆடியது. இல்லை, நான்தான் ஆடினேன்.

"இஞ்ச பாருங்கோ, தர்சிக்கு உரு வந்திட்டுது!" என்று யாரோ கத்தினார்கள்.

அடுத்த நிமிடம் என் நெற்றியில் ஒரு கைப்பிடி விபூதி. பக்கத்து வீட்டுப் புஷ்பம் அன்ரி என் காலில் விழுந்துவிட்டார். "முருகா, என்ட மூத்தவனுக்குக் கனடா விசா கிடைக்குமோ? ஒரு வார்த்தை சொல்லப்பனே!"

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. பெரும்பாடுபட்டுச் சொன்னேன்: "தண்ணி... தண்ணி..."

"தண்ணி கடந்து போவானாம்! முருகன் சொல்லிப்போட்டார்!"

குலவைச் சத்தத்துக்கு நடுவில்தான் நான் விழுந்தேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அப்பா வந்தார். துறைமுகத்தில் டக் படகில் எஞ்சின் பார்ப்பவர் அவர். அந்தச் சின்னப் படகுதான் பெரிய கப்பல்களை இழுத்துவந்து துறையில் சேர்க்கும். பாரம் என்றால் என்னவென்று அவருடைய கைக்குத் தெரியும். என்னைத் தூக்கியவர் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டார்.

"சாமியும் இல்ல, ஒண்டும் இல்ல," என்றார். "பிள்ளையில பாரமே இல்ல. இவள் சாப்பிடேல்ல."

புஷ்பம் அன்ரியின் மகன் அடுத்த வருடம் கனடாவுக்குப் போய்விட்டான். விமானத்தில்தான் போனான். ஆனாலும் கீழே கடல் இருந்ததுதானே!

ஏன் இப்போது

இந்தத் தொடரில் துறைமுகத்தைப் பற்றி எழுதினேன், அப்பாவின் படகைப் பற்றி எழுதினேன், எங்கள் வீட்டுக் கிணற்றில் விழுந்த ஆட்டைப் பற்றிக்கூட இரண்டு வாரம் எழுதினேன். இதை மட்டும் சுற்றிச் சுற்றிப் போனேன்.

போன மாதம் ஒரு தாய் கடிதம் எழுதியிருந்தார். தன் மகளுக்கு நல்ல பக்தியாம். மாதத்தில் பாதி நாள் விரதமாம். ஊரே மெச்சுகிறதாம். கடைசி வரியில், கேட்காததுபோல் ஒரு கேள்வி: "ஆனால் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. என்ன எண்ணெய் வைக்கலாம்?"

அம்மா, எண்ணெய் வேண்டாம். இதை வாசியுங்கள்.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். நான் எவ்வளவு மெலிந்திருந்தேன், எத்தனை கிலோ இருந்தேன் என்று எழுதமாட்டேன். அந்த நாளில் இப்படி ஒரு கட்டுரை என் கையில் கிடைத்திருந்தால், முதலில் அந்த எண்ணைத்தான் தேடியிருப்பேன். தேடி, அதோடு போட்டிக்குப் போயிருப்பேன். வருத்தம் என்று எங்கள் ஊர் சொல்லும் அந்த நோயின் குணம் அப்படி.

காய்ச்சல் தந்த பாராட்டு

டெங்கில்தான் தொடங்கியது. இருபதுகளின் நடுவில் இருந்தேன். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கொத்தமல்லித் தண்ணீரும் பப்பாசி இலைச் சாறுமாக வீடு வந்து சேர்ந்தேன். கன்னம் ஒட்டிப்போய், சட்டை தோளில் தொங்கியது.

வேலைக்குப் போன முதல் நாள் என் மேசைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "என்ன வடிவா மெலிஞ்சிட்டீர்! என்ன செய்தனீர்?" செத்துப் பிழைத்து வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் எனக்கு உள்ளே இனித்தது. அதுவரை என்னை யாரும் நின்று பார்த்ததில்லை. வீட்டில் வடிவு, கெட்டித்தனம் எல்லாம் அக்காவின் பங்கு.

அந்த அக்கா அதே வருடம் கல்யாணமாகி அவுஸ்திரேலியா போனாள். எங்கள் அறையில் இரண்டு கட்டில், இரண்டு அலுமாரி, ஒரு ஆள். அதற்குப் பிறகு என் சாதகம் ஊர் சுற்றத் தொடங்கியது. யாரைக் கட்டுவது, எந்த நாட்டுக்குப் போவது, வேலையை விடுவதா வேண்டாமா என்றெல்லாம் என்னைத் தவிர எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. என் கையில் மிச்சமிருந்தது சாப்பாட்டுக் கோப்பை ஒன்றுதான். அதில் என்ன விழும், என்ன விழாது என்பதை நான் மட்டுமே தீர்மானித்தேன்.

இதெல்லாம் இப்போது எழுதுகிற கதை. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சோற்றை ஒதுக்கினால் மனம் லேசாகிறது.

வெறுமனே ஒதுக்கினால் அம்மா விடமாட்டா. அதனால் முருகனைத் துணைக்குப் பிடித்தேன். முதலில் வெள்ளிக்கிழமை. பிறகு செவ்வாய். சஷ்டி, ஏகாதசி, சதுர்த்தி, புரட்டாதிச் சனி, கௌரிக் காப்பு இருபத்தொரு நாள். கடைசியில் எங்கள் வீட்டுக் கலண்டரில் விரதமில்லாத நாளைத் தேடப் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வேலியடியில் நின்று சொல்லுவா: "என்ட சின்னவளுக்கு இந்த வயசில இவ்வளவு பக்தி!" புஷ்பம் அன்ரி தன் மகளிடம் என்னைக் காட்டிச் சொல்லுவார்: "பார், பாத்துப் பழகு."

இருநூறு முட்டையும் ஒரு ஸ்வெட்டரும்

என் வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் ஏற்றிவிடும் ஒரு சின்னக் கம்பனியில் லிஸ்ட் எழுதுகிறவள் நான். முட்டை இருநூறு. கோழி முப்பது கிலோ. வெங்காயம், வெண்ணெய், அரிசி, ஆட்டுக்கால். காலையில் இருந்து மாலை வரை ஒரு கப்பல் முழுக்கச் சாப்பாடு என் விரல் வழியாகப் போகும். என் வாய்க்குள் ஒரு பிஸ்கட் போகாது.

ஆனால் நாள் முழுக்கச் சாப்பாட்டைத்தான் நினைத்தேன். போனில் சமையல் வீடியோ பார்ப்பேன். விடிய எழும்பிப் பயிற்றம் பணியாரம் சுட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோவேன். எல்லோரும் சாப்பிடுவதை ஒவ்வொரு கடியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். "நீர் சாப்பிடேல்லையோ?" என்றால் பதில் தயார்: "இண்டைக்கு விரதம்."

சித்திரை வெயிலில் திருகோணமலை எப்படி இருக்கும்? தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். அந்த வெயிலில் நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். அலுவலகத்தில் ஏசியை நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடிப்பேன். குளித்து முடித்தால் தண்ணீர் ஓடும் கான் அடைத்துப்போகும், அவ்வளவு தலைமயிர். மாதச் சுகயீனம் எப்போதோ நின்றிருந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

எஞ்சின் பழுது

சூரன் போர் அன்று அப்பா என்னைத் தூக்கியபடியே ஆட்டோவில் ஏறினார். ஆஸ்பத்திரியில் இதயத்துடிப்பைப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், உடனே வாட்டில் படுக்கவைத்தார்கள். இதயம் மிக மெதுவாக அடிக்கிறது, உடம்பில் உப்புச் சத்துகள் தாறுமாறாகக் கிடக்கின்றன என்றார் டொக்டர். ஒரேயடியாகச் சாப்பாட்டைத் திணிக்கவும் முடியாது, அதுவே ஆபத்தாகலாம் என்று கரண்டிக் கணக்கில் ஏற்றினார்கள்.

பிறகு என் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு, "பிள்ளைக்கு வந்திருக்கிறது உணவுக் கோளாறு எண்டு ஒரு வருத்தம்," என்றார். "வயித்தில தொடங்கிறதில்ல, மனசில தொடங்கிறது. சேலைன் ஏத்தி மட்டும் சுகப்படுத்த ஏலாது. மனநலப் பிரிவுக்கு எழுதித் தாறன்."

அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "விசருக்குப் பாக்கிற இடத்துக்கோ? நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசேக்க என்ன சொல்லுறது?"

அப்பா சாதாரணமாகக் கதை குறைந்த மனிதர். அன்று மட்டும் எழுந்து நின்று கதைத்தார். "எஞ்சின் பழுதெண்டா எஞ்சின் தெரிஞ்சவனிட்டக் காட்டுறம். படகுக்குப் பெயின்ற் அடிச்சுக்கொண்டு இருக்கிறதில்ல. சம்பந்தம் பேச முதல் பிள்ளை வேணும்."

டொக்டர் எழுதிய துண்டை அவரே வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

நஸீமா மிஸ்

மனநலப் பிரிவில் மருந்தும் உடம்பும் பார்க்க டொக்டர், கதைத்துப் பார்க்க நஸீமா மிஸ். கிண்ணியாவில் இருந்து பாலம் தாண்டி ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட் அமத்தியதில் நெற்றியில் ஒரு கோடு விழுந்திருக்கும். அது மறைவதற்குள் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்.

முதல் மூன்று மாதம் நான் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கிழமைக்கு ஒருமுறை போவேன், ஒப்புக்கு ஒரு வாழைப்பழம் தின்பேன், பக்தியைப் பற்றிப் பேசுவேன். எனக்கு ஒன்றுமில்லை, இவர்களுக்கு ஆன்மீகம் புரியவில்லை என்பதுதான் என் கட்சி. மிஸ் ஒருநாளும் எதிர்த்து வாதாடவில்லை. எழுதிக்கொள்வார், சரி என்பார், அடுத்த கிழமை வரச் சொல்வார்.

அப்படியிருக்க நோன்பு மாதம் வந்தது. அன்றும் ஆறு வேளை சாப்பிடுகிற அட்டவணையைப் பற்றி அவர் தொடங்க, எனக்கு வந்ததே ஒரு வீரம்!

"மிஸ், நீங்களும்தானே விடிய இருந்து ஒண்டும் சாப்பிடேல்ல? உங்களை ஆரும் வாட்டில படுக்கவைக்கேல்லையே?"

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். மிஸ் பேனாவை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"மூணு மாசத்தில நீங்க கேட்ட முதல் கேள்வி தர்சி. நல்ல கேள்வி. சொல்றன் கேளுங்க. எங்கட நோம்புக்குச் சஹர் இருக்கு, விடியிறதுக்கு முந்தி எழும்பிச் சாப்பிடணும். சுகமில்லாதவங்களுக்கு நோம்பு கடமையில்ல. பின்னேரம் பாங்கு சொன்னா உடன நோம்பு திறக்கணும். பாங்கு கேக்கக்குள்ள, 'இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிப்பம்' எண்டு வீரம் காட்டுறதில்ல. பேரீச்சம்பழம் வாயில போயிரணும். பெருநாள் வந்தா நோம்பு புடிக்கவே கூடாது."

கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்தார்.

"இப்ப நீங்க சொல்லுங்க. உங்கட விரதம் எப்ப திறக்கும்?"

"கந்தசஷ்டிக்கு ஏழாம் நாள் பாரணை இருக்கு மிஸ். விடியக் குளிச்சு, கும்பிட்டு, சோறு கறி எல்லாம் சமைச்சுச் சாப்பிட்டு விரதத்தை முடிக்கிறது..."

"நீங்க கடைசியாப் பாரணை செஞ்சது எப்ப?"

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு விரதத்தின் வாலிலும் அடுத்த விரதத்தின் தலையை முடிந்து வைத்திருந்தேன். பாரணைக்கு நாளே வரவில்லை. வரவிடவில்லை.

"அப்ப இது முருகனுக்குப் புடிக்கிற விரதமாத் தெரியல்லயே," என்றார் மிஸ், மெதுவாக. "வேற ஆருக்கோ புடிக்கிறீங்க. ஆருக்கு?"

நான் அழத் தொடங்கினேன். என் கோவில் சேலையை நானே இழுத்துக் கிழித்தமாதிரி இருந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டெங்கு, பாராட்டு, அக்காவின் வெறும் கட்டில், சாதகம். தலைக்குள் ஓயாமல் ஒரு குரல் "இன்னும் குறை, இன்னும் குறை" என்று சொல்வதை அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒருவருக்குச் சொன்னேன். மிஸ் டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "அந்தக் குரலை இனி நாங்க ரெண்டு பேருமா இருந்து கேப்பம். தனியக் கேட்டாத்தான் அதுக்குப் பலம்," என்றார்.

அம்மா இருந்து சாப்பிட்ட நாள்

சிகிச்சை என்றால் ஏதோ கண்ணை மூடிப் படுக்கவைத்து ஆழ்மனசுக்குள் இறங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு நடந்தது ஒரு கொப்பி, ஒரு அட்டவணை, நிறையக் கதை. நாளுக்கு மூன்று சாப்பாடு, இடையில் மூன்று சிறு தீன். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரத்துக்கு. என்ன சாப்பிட்டேன், அப்போது மனதில் என்ன ஓடியது என்று கொப்பியில் எழுதவேண்டும். வீட்டுத் தராசை அப்பா படகுக்குக் கொண்டுபோய்விட்டார். அட்டவணையும் அவர் பொறுப்பு. நேரம் வந்தால் கப்பலில் மணி அடிப்பதுபோல் கரண்டியால் சட்டியில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

ஒருநாள் மிஸ் அம்மாவையும் கூட்டிவரச் சொன்னார். அம்மா நல்ல சேலை உடுத்து, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி வந்தா.

"நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டார் மிஸ்.

"இவையள் எல்லாரும் சாப்பிட்டாப் பிறகு."

"எங்க இருந்து?"

"இருக்கிறதோ? குசினிக்க நிண்டுகொண்டுதான்."

"என்ன சாப்பிடுவீங்க?"

"மிஞ்சினது."

அம்மா தன் பதிலைத் தானே கேட்டதுபோல் இருந்தா. பிறகு தானாகவே சொன்னா. நாங்கள் சம்பூர்க்காரர். எனக்கு விவரம் தெரிந்தும் தெரியாத வயதில், போருக்குப் பயந்து ஊரை விட்டு ஓடினோம். முகாமில் வரிசையில் நின்று வாங்கிய ஒரு கோப்பைச் சோற்றை எனக்கும் அக்காவுக்கும் ஊட்டிவிட்டு, கோப்பையைக் கழுவின தண்ணீரை அம்மா குடித்த நாட்கள் இருந்தனவாம். "அப்ப பழகினது மிஸ். பிறகு சோறு வந்திட்டுது. பழக்கம் போகேல்ல."

எனக்கு அது அன்றுவரை தெரியாது. அம்மா சாப்பிடாமல் இருந்தது சோறு இல்லாததால். நான் சாப்பிடாமல் இருந்தது சோறு இருந்தும். அந்த வெட்கம் என்னைத் தின்றது.

திரும்பிவரும் பஸ்ஸில் அம்மா கண்ணைத் துடைத்தபடி கேட்டா: "நான்தானோ பிள்ளை உன்னைப் பழக்கினனான்?"

அடுத்த கிழமை மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். "இது ஒருத்தரால வாற வருத்தமில்ல," என்றார் அவர். "பலதும் பத்தும் சேந்து வாறது. உம்மாமாரில குற்றம் கண்டுபுடிச்சு ஆருக்கும் பசி வந்ததில்ல. அவங்களுக்கு ஒரு வேலை குடுங்க. உங்களோட இருந்து சாப்பிடச் சொல்லுங்க."

அன்று மத்தியானம் எங்கள் வீட்டு மேசையில் முதல்முறையாக மூன்று கோப்பை வைத்தோம். சோறு, பருப்பு, சுறாப் புட்டு, முருங்கையிலை வறை. அம்மா கதிரை நுனியில் ஒட்டிக்கொண்டு இருந்தா. இருந்த கையோடு உப்பு எடுக்க எழும்பினா. பிறகு தண்ணீர். பிறகு அடுப்பைப் பார்க்க. பிறகு கதவடியில் பூனை. ஐந்தாவது தரம் எழும்பியபோது அப்பா சேலைத் தலைப்பைப் பிடித்துவிட்டார்.

"இனி எழும்பினா நங்கூரம் போட்டிடுவன்."

அம்மாவுக்கு வந்த சிரிப்பில் புரையேறியது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, தலைக்குள் குரல் கத்தக் கத்த, என் கோப்பையை முடித்தேன். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. பருப்பு ஆறிக் கட்டியாகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் கை காயக் காய இருந்தார்கள்.

கொத்து ரொட்டிக்கு ஏணி

பிறகு ஒரு ஏணி போட்டோம். எனக்குப் பயமான சாப்பாடுகளை மிஸ் ஒரு கடதாசியில் கீழிருந்து மேலாக எழுதச் சொன்னார். அடிப்படியில் அவித்த கடலை. நடுவில் தேங்காய்ப்பால் சொதி. உச்சியில் கொத்து ரொட்டி. அதைக் கொத்தும் சத்தத்தைக் கேட்டாலே தெருவைக் கடந்து அடுத்த பக்கம் போகிறவள் நான்.

ஒவ்வொரு படியிலும் ஒருவர் என்னோடு இருப்பார். சாப்பிடமுதல் நான் என்ன நடக்கும் என்று பயப்படுகிறேனோ அதை எழுதவேண்டும். சாப்பிட்டபின் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதவேண்டும். சொதிக்கு முன் நான் எழுதியது: "நாளைக்கு என்னை ஒருவருக்கும் அடையாளம் தெரியாது." மறுநாள் எழுதியது: "புஷ்பம் அன்ரிக்கு அடையாளம் தெரிந்தது. இரண்டாவது மகனின் விசாவைப் பற்றிக் கேட்டார்."

கொத்துக்கு மிஸ்ஸே வந்தார். கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை. கொத்துக்காரர் இரண்டு தகடாலும் தாளம் போட, என் நெஞ்சும் சேர்ந்து அடித்தது. பாதிதான் சாப்பிட்டேன். அழுதேன். பக்கத்து மேசையில் இருந்த மனிதர், "உறைப்புக் கூடிப்போச்சோ தங்கச்சி?" என்று தன் தேத்தண்ணியை நீட்டினார். மிஸ் மிச்சப் பாதியைப் பார்சல் கட்டச் சொன்னார். "இது தோல்வியில்ல. நாளைக்கு மத்தப் பாதி," என்றார்.

சறுக்கல்

நேரே மேலே ஏறிப்போனேன் என்று சொன்னால் அது பொய். நன்றாகத் தேறி வந்த நேரம் ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் என் கன்னத்தைக் கிள்ளி, "இப்பதான் பூசிமெழுகினமாதிரி இருக்கிறாய்!" என்றார். அன்போடுதான் சொன்னார். எனக்குக் கேட்டது வேறு: உடம்பு வைத்துவிட்டாய்.

மூன்று கிழமை ஏமாற்றினேன். மத்தியானப் பார்சலைத் துறைமுகத்து நாய்களுக்குப் போட்டுவிட்டுக் கொப்பியில் பொய் எழுதினேன். நாய்கள் கொழுத்தன. நான்காவது கிழமை என்னால் மிஸ்ஸின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன்.

"நீங்களா வந்து சொன்னீங்க பாருங்க," என்றார் மிஸ். "போன வருசம் எண்டா சொல்லியிருப்பீங்களா? வாங்க, எந்த இடத்தில வழுக்கினது எண்டு பாப்பம்."

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. அடுத்த விசேஷத்தில் யாரோ என்னை மேலும் கீழும் பார்த்து வாயைத் திறக்க, அம்மா குறுக்கே போய் நின்றா. "எங்கட வீட்டில உடம்பைப் பற்றிக் கதையில்ல. கறி எப்பிடி எண்டு சொல்லுங்கோ."

அந்த வருடச் சஷ்டிக்கு அம்மா ஐயரிடம் போய்க் கேட்டா. வருத்தக்காரருக்கு விரதம் விதியில்லை, கும்பிட்டால் போதும் என்றார் அவர். வயிறு நிறைய இடியப்பம் சாப்பிட்டுவிட்டுச் சூரன் போர் பார்க்கப் போனேன். புஷ்பம் அன்ரி முழு நேரமும் என்னை ஒட்டிக்கொண்டு நின்றார். நான் ஆடவேயில்லை. அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

ஒரு மத்தியானம்

கடைசியாக மிஸ்ஸிடம் போன நாளில் வெயில் நன்றாக எறித்தது. கிழமைக்கு ஒருதரம் இருந்தது மாதத்துக்கு ஒருதரமாகி, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருதரமாகி இருந்தது. அன்று மிஸ் என் கொப்பியை மூடி என் கையில் தந்தார்.

"இனி நான் கூப்பிட மாட்டன். தேவை எண்டா நீங்க வாங்க. வெக்கப்படாம வரணும்."

ஏதாவது பெரிதாகச் சொல்லவேண்டும் என்று யோசித்துப் போனேன். கடைசியில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஆள் வெளியே இருமினார். வந்துவிட்டேன்.

அப்பா மோட்டார் சைக்கிளோடு வாசலில் நின்றார். கடற்கரைப் பக்கம் போய் ஒரு மதிலில் இருந்தோம். வழியில் வாங்கின மீன் ரோல்ஸ் இரண்டு, எண்ணெய் ஊறின கடதாசிப் பையில் சுடச்சுட. அப்பா தன்னுடையதைத் தின்றுகொண்டே தூரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் என்னுடையதைப் பையோடு மடியில் வைத்து, தலைமயிரை முடிந்தேன்.

எங்கள் ஊர் மான்களைத் தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. ஆட்டைப்போல் தெருவில் திரிகிறவை, ஆளுக்குப் பயமில்லாதவை. பின்னால் இருந்து ஒரு தலை வந்தது. பை போய்விட்டது.

"ஏய்! அது என்ட!"

நான் குதித்து இறங்கி ஓடினேன். ஒரு செருப்பைக் கழற்றி எறிந்தேன், படவில்லை. "தா! அதைத் தா, கள்ளப் பிறவி!" என்று கத்தியபடி அந்த மத்தியான வெயிலில், ஒற்றைச் செருப்போடு, கடற்கரைத் திடலில் பாதியைச் சுற்றினேன். பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் நூலை மறந்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். மான் ஒரு மரத்தடியில் நின்று, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, கடதாசியோடு சேர்த்து விழுங்கியது.

மூச்சு வாங்க நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. எனக்கு வந்தது கோபம் மட்டுமில்லை. வயிற்றுக்குள் ஏதோ சுருண்டு, உருண்டு, சத்தம் போட்டது. மணி பார்த்துச் சாப்பிட்ட இத்தனை காலத்தில் அது தானாக வந்து கதவைத் தட்டியது அன்றைக்குத்தான். நல்ல பசி.

"அப்பா, எனக்குப் பசிக்குது," என்றேன். "இன்னொண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ. இல்ல, ரெண்டு."

அப்பா மதிலில் இருந்து இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைக் கப்பல் பக்கம் திருப்பி, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். "மான் ஓடின ஓட்டத்தில கண்ணுக்க தூசி விழுந்திட்டுது," என்று சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை மறந்து, கடைப்பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

நாலு ரோல்ஸோடு வந்தார். நான் இரண்டரை சாப்பிட்டேன்.